நாற்பத்தொன்றாவது வினாடி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. ஷாக்குக்குப் பயப்படுகிற ஆள். இருபத்திரண்டு வருஷமாக வீட்டு வயரிங் வேலை பார்க்கிறேன். பாழடைந்த கட்டடம், ஆள் செத்த வீடு, பூட்டிக் கிடந்த கோடவுன் என்று நான் தனியாக ஏணி போட்டு ஏறாத இடம் இல்லை. யாராவது "பேயைப் பார்த்தேன்" என்று ஆரம்பித்தால், "அதுக்கு எர்த் கொடுத்தியா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன்.

அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். இது நடந்தது. கேள்விப்பட்டதல்ல, கனவல்ல. மீட்டரில் பார்த்தேன். மணி பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் குறித்தும் வைத்தேன். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

என் மாமனாரிடம் ஒரு ரயில் இருந்தது. பொம்மை ரயில் என்று சொன்னால் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எடை மெஷின் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே ஹாலைத் தலைகீழாக்கிவிட்டார். ஜன்னலோரம் பெரிய மேஜை. அதில் மலை, குகை, பாலம், ஸ்டேஷன். அங்கிருந்து சுவரோரப் பலகையின் மேல் தண்டவாளம் ஓடும். சுவரில் குடைந்த ஓட்டைக்குள் நுழைந்து படுக்கையறைக்குப் போகும். அங்கே கட்டிலை ஒட்டி ஒரு வட்டப் பலகை. ரயில் அதில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே ஓட்டை வழியாக ஹாலுக்குத் திரும்பி வரும்.

கம்ப்யூட்டர் முறையில் ஓடுகிற ரயில் அது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். இஞ்சினுக்கான கட்டளையும் அதே தண்டவாளத்தில்தான் போகும். ஒவ்வொரு இஞ்சினுக்குள்ளும் ஒரு சிப், அதற்கு ஒரு நம்பர். ரிமோட்டில் நம்பரைத் தட்டினால் அந்த இஞ்சின் மட்டும் நகரும். பாதையை மாமா ஏழு பகுதியாகப் பிரித்து, மேஜைக்கு மேலே ஏழு சிவப்பு விளக்கு வைத்திருந்தார். எந்தப் பகுதியில் இஞ்சின் நிற்கிறதோ அங்கே அது கரண்டை இழுக்கும், அந்த விளக்கு எரியும். ஏழாவது விளக்கு, படுக்கையறை வட்டம். பக்கத்தில் மொத்தம் எவ்வளவு கரண்ட் போகிறது என்று காட்டும் ஒரு மீட்டர். இவ்வளவுதான் விஷயம்.

"மாப்பிள்ளை, உங்க கரண்ட் வேற, என் கரண்ட் வேற. இதுல மட்டும் கை வெச்சிடாதீங்க" என்பார் மாமா.

"பதினஞ்சு வோல்ட்டுக்கு இவ்வளவு பில்டப்பா மாமா?" என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

இந்த ரயிலை அவர் ஓட்டியது அவருக்காக அல்ல. என் மாமியாருக்காக. ஆறு வருஷத்துக்கு முன் அத்தைக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. ஆள் பிழைத்துக்கொண்டாள். ஞாபகம் பிழைக்கவில்லை. மகளைத் தெரியாது, மகனைத் தெரியாது, என்னைச் சுத்தமாகத் தெரியாது. கூடவே வலிப்பு. ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை, காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு. யார் கையால் கொடுத்தாலும் துப்பிவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டால் அப்புறம் கடப்பாரை வேண்டும். பொடித்துச் சாப்பாட்டில் கலக்கவும் கூடாத மாத்திரை அது.

ரயில் கொண்டுவந்தால் மட்டும் வாங்கிக்கொள்வாள். பச்சை இஞ்சின், நம்பர் இருபத்தேழு. பின்னால் ஒரு தட்டை வேகன், அதில் சின்னக் கிண்ணம், கிண்ணத்தில் ரோஸ் நிற மாத்திரை. ரயில் கட்டிலருகே வந்து நிற்கும். அத்தை இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். "ஸ்டேஷன் மாஸ்டர் சரக்கை வாங்கிக்கிட்டாங்க" என்று மாமா ஹாலிலிருந்து கத்துவார். ஆறு வருஷத்தில் ஒரு வேளை தவறவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அத்தையின் படுக்கையறையிலேயே சரிந்தார். அவ்வளவுதான். ஸ்ட்ரெச்சர் வந்தது. வட்டப் பலகை இடித்ததால் அதைத் திருப்ப முடியவில்லை. நான்தான் ஸ்க்ரூவைக் கழற்றிப் பலகையை எடுத்து ஓரமாக வைத்தேன். அன்றே தகனம் முடிந்தது, மறுநாள் திரும்ப மாட்டினேன். பலகை சேரும் இடத்தில் தண்டவாளம் மயிரிழை அளவு விட்டுப்போயிருந்தது. நடுவில் ஏதோ பிளாஸ்டிக் துணுக்கு. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நல்ல ஈயமாக வைத்துப் பற்றவைத்தேன். நான் பற்றவைத்த இணைப்பு விட்டுப்போனதாகச் சரித்திரம் இல்லை.

துக்க வீட்டில் ரயிலை யாரும் ஓட்டவில்லை; நான்கு நாள் நர்ஸ் வந்து மருந்தை ஊசியில் ஏற்றினாள். ஐந்தாம் நாள், வியாழன், அத்தையின் இரண்டு கையிலும் நரம்பே கிடைக்கவில்லை. காலை மாத்திரையைத் துப்பிவிட்டாள். டாக்டர் போனில் சொன்னது இது.

"ராத்திரி எட்டு மணி டோஸ் உள்ள போயே ஆகணும். போகலைன்னா அட்மிட் பண்ணிடுங்க. மூக்கு வழியா குழாய் போட்டுக்கலாம்."

என் மனைவி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மாத்திரை ரயிலில் வருவதற்கு முன் ஒரு தடவை அட்மிட் பண்ணியபோது அத்தை குழாயைப் பிடுங்கினாள். கையைக் கட்டினார்கள். கட்டை அறுத்துக்கொள்ளப் போராடி மணிக்கட்டு முறிந்தது. மூன்று நாள் ஒரே ஓலம். மாமா கையெழுத்துப் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தார். "இனிமே உன்ன அங்க அனுப்ப மாட்டேன்" என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம்.

ஆக, ரயிலை ஓட்டியாக வேண்டும். இரவு எட்டுக்குள்.

மதியம் 2.05. பச்சை இஞ்சினைக் காணோம். துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் எந்தக் குழந்தையாவது எடுத்துப் போயிருக்கும் என்று நினைத்தோம். ஒரு சிவப்பு இஞ்சின் கிடைத்தது. வேகனை மாட்டி, கிண்ணத்தில் மாத்திரையை வைத்து ஓட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று விளக்குகள் வரிசையாக எரிந்தன. உள்ளே அத்தை சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினாள். என் மனைவி தண்ணீர் டம்ளரோடு அறை வாசலில் நின்றாள்.

ஆறாவது விளக்கு எரிந்தது. ரயில் ஓட்டைக்குள் நுழைந்தது.

கீ...ய்ங்.

எல்லாம் அணைந்தது. ஷார்ட் சர்க்யூட். பாதுகாப்புப் பெட்டி தானாகக் கரண்டை வெட்டிவிட்டது.

"வண்டி லேட்டு" என்றாள் அத்தை. ஆறு வருஷமாக அவளிடம் மிச்சம் இருந்த சில வார்த்தைகளில் அது ஒன்று.

ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு தடவையும் அதே ஓட்டை, அதே கீய்ங். இஞ்சினில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். பழுது பார்க்கிறவன் முதலில் செய்ய வேண்டியது லோடு எல்லாவற்றையும் கழற்றுவது. தண்டவாளத்தில் இருந்த அத்தனை இஞ்சினையும் வேகனையும் எடுத்து மேஜை விளிம்பில் வைத்தேன். மாத்திரை வேகனையும்தான், கிண்ணத்தில் இருந்த மாத்திரையோடு. தண்டவாளம் துடைத்து வைத்த மாதிரி காலி.

மணி 3.40. பவரைப் போட்டேன்.

காலித் தண்டவாளத்தில் மீட்டர் 0.00 காட்ட வேண்டும்.

0.38 காட்டியது.

முதல் விளக்கு எரிந்தது.

ஈரமாக இருக்கும், எங்கேயாவது கசிவு இருக்கும் என்று நினைத்தேன். அதற்குள் முதல் விளக்கு அணைந்து இரண்டாவது எரிந்தது. கசிவு ஓரிடத்தில் நிற்கும், இடம் மாறாது. மூன்று எரிந்தது. நான்கு. ஐந்து. ஆறு.

கீ...ய்ங்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"விளக்கு போர்டு கெட்டுப்போச்சு" என்றேன். மீட்டர் ஏன் கெட்டது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திரும்பப் போட்டேன். அவள் போனில் நேரம் பார்த்தாள். பவர் போட்டதிலிருந்து கீய்ங் வரைக்கும் நாற்பத்தொரு வினாடி. மறுபடி. நாற்பத்தொன்று. மூன்றாம் தடவையும் நாற்பத்தொன்று. சீட்டில் எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து அப்போது ஒழுங்காகத்தான் இருந்தது.

மணி 4.30. பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். மேஜைக்கு அடியில் படுத்து நான்காவது பகுதிக்குப் போகும் வயரைப் பிடுங்கினேன். பவரைப் போடச் சொன்னேன்.

"ஒண்ணு எரியுது" என்று மேலிருந்து சொன்னாள். "ரெண்டு... மூணு..."

"அப்புறம்?"

"மூணுலயே நிக்குதுங்க."

வெளியே வந்து மீட்டரைப் பார்த்தேன். 0.38 இறங்கி 0.12 ஆகியிருந்தது. ஓடாமல், விளக்கு மட்டும் போட்டுக்கொண்டு நிற்கும் இஞ்சின் இழுக்கிற அளவு அது. ஒரு நிமிஷம் பார்த்தோம். இரண்டு நிமிஷம். மூன்றாவது விளக்கு அப்படியே எரிந்தது.

வயரை மாட்டினேன். 0.38. நான்காவது விளக்கு எரிந்தது.

இது இஞ்சின் செய்கிற வேலை இல்லை. ஏனென்றால், முன்னால் கரண்ட் இல்லை என்று இஞ்சினுக்குத் தெரியாது. அது நேராகப் போய் இருட்டுப் பகுதியில் விழுந்து செத்துவிடும். விளக்கும் அணைந்துவிடும். அங்கே போகாமல் முன்னாலேயே நிறுத்த வேண்டுமானால்... ஓட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை மனைவியிடம் சொல்லவில்லை.

மணி 5.15. டார்ச்சில் பேட்டரி தீர்ந்துவிட்டது. ரயில் ரிமோட்டின் மூடியைத் திறந்து, அதில் இருந்த இரண்டு பேட்டரியையும் கழற்றி டார்ச்சில் போட்டுக்கொண்டேன். மறுபடி மேஜைக்கு அடியில் போனேன். வயர் எல்லாம் பார்த்தேன். எல்லாம் கச்சிதம். மாமா வேலையில் குறை கண்டுபிடிக்க முடியாது.

"பவர் போடு."

"போட்டுட்டேன். ஒண்ணு... ரெண்டு... மூணு..."

எனக்கு எதிரே தரையில் ரிமோட் கிடந்தது. மூடி திறந்து, பேட்டரி வைக்கும் குழி காலியாக. கட்டளை கொடுக்கிற ஒரே பொருள் அதுதான்.

"...நாலு... அஞ்சு..."

"நிறுத்து! பவர நிறுத்து!"

அவள் நிறுத்தினாள். குனிந்து என்னைப் பார்த்தாள். ரிமோட்டைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

"யாருங்க ஓட்டறது?" என்றாள்.

வீட்டை விட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கால் வாசல் பக்கம் போய்விட்டது. அப்போது உள்ளேயிருந்து கட்டில் ஆடும் சத்தம் கேட்டது.

மணி 6.20. அத்தையின் இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியது. மனைவி ஓடிப்போய் அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷத்தில் நின்றுவிட்டது. சின்ன வலிப்பு. பெரியது பின்னால் வரும் என்பது எங்களுக்குத் தெரியும்.

டாக்டருக்குப் போன் போட்டேன்.

"ஆம்புலன்ஸ் அனுப்பிடட்டுமா?"

"எட்டரை வரைக்கும் டைம் கொடுங்க சார்."

"அதுக்கு மேல ஒரு நிமிஷம் தர மாட்டேன்."

அதன்பிறகு பேயாவது பிசாசாவது. பயம் இருந்ததுதான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் கட்டிலில் கிடந்தது. கண்டதையும் கழற்றினேன், கண்டதையும் மாட்டினேன். ஏழு மணிக்கு என்னிடம் வித்தை எல்லாம் தீர்ந்தது. மேஜைக்கு அடியில் உட்கார்ந்து நான் அழுதேன். இருபத்திரண்டு வருஷ எலெக்ட்ரீஷியன், பதினைந்து வோல்ட்டிடம் தோற்று, வாய்விட்டு அழுதேன்.

"மாமா... எங்க தப்புன்னு எனக்குத் தெரியல மாமா. காட்டுங்க."

மணி 7.08. மனைவி எதற்காகவோ பவரைப் போட்டாள்.

முதல் விளக்கு எரியவில்லை.

இரண்டு எரியவில்லை.

எடுத்த எடுப்பில் ஆறாவது விளக்கு எரிந்தது. ஒரு வினாடி. கீய்ங்.

திரும்பப் போட்டாள். ஆறு. கீய்ங்.

மறுபடி. ஆறு. கீய்ங்.

கதவைத் தட்டுவது போல இருந்தது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனேன். ஓட்டைக்குக் கீழே, வட்டப் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். பலகையின் அடிப்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கழற்றும்போதும் மாட்டும்போதும் நான் குனிந்தே பார்க்காத பக்கம். மாமாவின் கையெழுத்து.

'வட்டத்தின் இரண்டு வாயிலும் இடைவெளி இருக்க வேண்டும். மூடினால் ஷார்ட்.'

வட்டமாகத் திரும்பி வருகிற பாதையில் இடது தண்டவாளம் சுற்றி வந்து வலது தண்டவாளத்தையே தொடும். பாஸிட்டிவ் போய் நெகட்டிவ் மேல் முட்டும். அது நடக்கக் கூடாது என்றுதான் போகிற வாயிலும் வருகிற வாயிலும் மயிரிழை வெட்டி, நடுவில் பிளாஸ்டிக் வைத்திருந்தார். சக்கரம் எந்த வாயைத் தாண்டுகிறதோ அதற்கேற்ப வட்டத்தின் கரண்டைத் திருப்பிப் போட ஒரு சின்னப் பெட்டியும் இருந்தது. போகிற வாய் ஓட்டைக்குள் இருந்ததால் தப்பித்தது. வருகிற வாய் என் கண்ணில் பட்டுத் தொலைத்தது. விட்டுப்போன இணைப்பு என்று நினைத்து, அழகாகப் பற்றவைத்தவன் நான். வீட்டு வயரிங்காரனுக்குத்தான் இந்தப் புத்தி வரும். கம்பி எங்கே விட்டுப்போயிருந்தாலும் கை அரிக்கும்.

ஐந்து நாளாக அத்தைக்கும் மாத்திரைக்கும் நடுவில் நின்றது என் ஈயம்.

ஆனால் இன்னொன்றும் புரிந்தது. அந்தக் கோளாறு சும்மா இருக்கும்போது கரண்டை வெட்டாது. போகிற வாயின் இடைவெளி மேல் உலோகச் சக்கரம் ஏறினால்தான் வெட்டும்.

காலித் தண்டவாளத்தில் எந்தச் சக்கரம் ஏறியது?

யோசிக்க நேரம் இல்லை. மாமாவின் பெட்டியிலிருந்து மெல்லிய ரம்பத்தை எடுத்து அறுக்க ஆரம்பித்தேன். அவசரத்தில் இரண்டு தடவை விரலில் பட்டது. 7.50. ஒரு தண்டவாளம் அறுந்தது. அத்தையின் கை மறுபடி துடிக்க ஆரம்பித்தது. 8.04. இரண்டாவதும் அறுந்தது. இடைவெளியில் கெட்டி அட்டையைச் செருகினேன்.

"பவர் போடு" என்று கத்தினேன். "முதல்ல காலியா பாத்துடலாம். அப்புறம் இஞ்சின வைக்கலாம்."

மணி 8.10.

பலகைக்கு அடியிலேயே கிடந்தேன்.

ஹாலில் மனைவி எண்ணினாள். "ஒண்ணு... ரெண்டு..."

அப்போது கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம்... மெதுவாக...

ட்ரிக்-ட்ரிக்... ட்ரிக்-ட்ரிக்...

தண்டவாள இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம்.

"...அஞ்சு... ஆறு..."

ஓட்டைக்குள் வந்துவிட்டது.

கீய்ங் வரவில்லை.

"ஏங்க... ஏழு எரியுதுங்க."

ட்ரிக்-ட்ரிக்... என் தலைக்கு நேர் மேலே.

பலகை அதிர்ந்தது. தூசி என் கண்ணில் விழுந்தது.

கட்டிலருகே வந்தது.

நின்றது.

மேலே எதுவும் இல்லை. பலகைக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். வெறும் தண்டவாளம்.

அத்தை சிரித்தாள்.

"வண்டி வந்துடுச்சு."

கையை நீட்டினாள். வெறும் காற்றில், தண்டவாளத்துக்கு ஒரு விரல் உயரத்தில், இரண்டு விரலால் எதையோ எடுத்தாள். வாயில் போட்டாள். தொண்டை ஏறி இறங்கியது.

"தண்ணி" என்றாள்.

எப்படி எழுந்தேன், எப்படிக் கொடுத்தேன் என்று தெரியாது. பாதித் தண்ணீர் என் சட்டையில்தான் விழுந்தது. குடித்துவிட்டு வாயைத் துடைக்கக் காட்டினாள். அவள் நாக்கு ரோஸ் நிறமாக இருந்தது.

பலகை மறுபடி அதிர்ந்தது. ட்ரிக்-ட்ரிக். சத்தம் ஓட்டைக்குள் போய்த் தேய்ந்தது.

ஹாலுக்கு வந்தேன். மேஜை விளிம்பில், தண்டவாளத்துக்கு வெளியே, மாத்திரை வேகன் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. கிண்ணம் காலி. என் மனைவி மீட்டரை வெறித்துக்கொண்டிருந்தாள். முதல் விளக்கு அணைந்தது. 0.00.

டாக்டரிடம் மாத்திரை போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று அவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். மூன்று வேளையும் கிண்ணத்தில் மாத்திரையை வைத்து, பவரைப் போட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். சிவப்பு இஞ்சினையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம். வண்டி ஒழுங்காகத்தான் போனது. அத்தை அதைக் கண்டதும் பல்லைக் கடித்துக்கொண்டாள். வலிப்பு வரவில்லை. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பேசினால் நின்றுவிடுமோ என்று ஒரு பயம்.

பத்தாம் நாள் என் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. அப்பா தகனத்துக்கு வந்துவிட்டு வெளியூர் வேலைக்குத் திரும்பிப் போனவன். நேராக ரயில் மேஜைக்குப் போய், பவர் போட்டால் கூடவே ஓடும் மாமாவின் பழைய கம்ப்யூட்டர் திரையைத் தட்டினான். எனக்கு அதைத் திறக்கவே தெரியாது. தண்டவாளத்தில் எந்த நம்பர் இஞ்சின் எத்தனை மணிக்கு எங்கே போனது என்பதை அது தானாக எழுதி மட்டும் வைக்குமாம், ஓட்டாதாம்.

கொஞ்ச நேரம் படித்தவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"அத்தான், இந்தப் பத்து நாளா இருபத்தேழு எப்படி ஓடிச்சு?"

"பச்சை இஞ்சினா? அதத்தான் காணோமே. ஏதோ குழந்தை எடுத்துட்டுப் போயிருக்கும்."

"குழந்தை எடுக்கல. நான்தான் எடுத்தேன்." தன் பையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். "மின்மயானத்துல உலைக்குள்ள தள்றதுக்கு முன்னாடி அப்பா கைக்குள்ள வெச்சேன். அக்கா திட்டுவான்னு சொல்லல. அது அப்பாவோடயே எரிஞ்சு போச்சு."

பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். மறுநாள் சாம்பல் வாங்கப் போனபோது, உலை வேலைக்காரர் தனியாகக் கொடுத்தாராம். பிரித்து என் உள்ளங்கையில் வைத்தான். கருகிய உலோகக் கட்டி. அதில் உருகி ஒட்டிக்கொண்ட நான்கு சக்கரம்.

மணி சரியாக மதியம் இரண்டு.

உள்ளேயிருந்து கட்டில் கிறீச்சிட்டது. "வண்டி லேட்டு" என்றாள் அத்தை.

மனைவி என்னைப் பார்த்தாள். மச்சான் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவனுக்கென்ன, மாலை வண்டிக்குக் கிளம்பிவிடுவான். மாத்திரை கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள். மனைவி கிண்ணத்தில் மாத்திரையை வைத்தாள்.

நான் இடது கையில் அந்தக் கட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பவரைப் போட்டேன்.

என் கைக்குள் அது சூடாயிற்று.

பிறகு, உருகி ஒட்டிப்போன அந்தச் சக்கரங்கள்... என் தோலை உரசிக்கொண்டு... திரும்பின.

கையைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எண்ணினேன். நாற்பத்தொன்றைத் தாண்டி, இன்னும் சில வினாடி சுற்றிவிட்டு நின்றது.

அறை வாசலில் மனைவியின் குரல் கேட்டது.

"அம்மா முழுங்கிட்டாங்க."